கோத்தகிரி மைதானத்தில் மேடிசன் பழகுவது எப்படி

மேடிசன் என்பது இருவர் ஜோடியாக ஓட்டும் டிராக் சைக்கிள் பந்தயம். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரேக் இல்லாத டிராக் சைக்கிளை நம் மலை ரோட்டில் இறக்காதீர்கள். பத்தொன்பது வயதில் நான் அதைச் செய்தேன். பழைய சைக்கிளின் ஃப்ரீவீலை (பெடலை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுற்ற விடும் பாகம்) கழற்றி, அதே மரையில் வெறும் பல் சக்கரத்தை முடுக்கி, அரவேணு பக்கம் இறக்கத்தில் விட்டேன். பெடல் நிற்கவில்லை, அது சுற்றுகிற வேகத்துக்குக் கால் ஓடியது. வேகத்தைக் குறைக்கப் பின்னோக்கி அழுத்தினேன், மரை கழன்றுகொண்டது. தேயிலைச் செடிதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. அசல் டிராக் ஹப்பில் (பின் சக்கரத்தின் நடுப்பாகம்) எதிர் மரை போட்ட பூட்டு வளையம் உண்டு. சாதா ஹப்பில் அது கிடையாது.

அதனால் இங்கே சாதா சைக்கிளே போதும், பிரேக்கோடு. மேடிசனின் உயிர் கை வீச்சுதான். அதைப் புல்லிலேயே பழகலாம்.

ஆட்டம் இதுதான்: ஜோடிக்கு இரண்டு பேர். ஒருவர் பந்தயத்தில் ஓட்ட, மற்றவர் டிராக்கின் மேல் ஓரத்தில் மெதுவாகச் சுற்றி மூச்சு வாங்குவார். முறை மாறும்போது வேகமாக வருபவர் கூட்டாளியின் கையைப் பிடித்து முன்னே வீசிவிடுவார். பத்துச் சுற்றுக்கு ஒரு ஸ்பிரிண்ட், முதல் நால்வருக்கு 5, 3, 2, 1 புள்ளி. மற்றவர்களை ஒரு முழுச் சுற்று முந்தினால் 20.

ஜோடியை அடிக்கடி மாற்றாதீர்கள். சுவிட்சர்லாந்தின் புரூனோ ரீசியும் கர்ட் பெட்ஷார்ட்டும் 1968-இல் எர்ஸ்ட்ஃபெல்ட் என்ற ஒரே ஊரில் பிறந்தவர்கள். கோட்ஹார்ட் மலை ரயில் ஏற்றம் தொடங்கும் ஊர் அது, ஊட்டி மலை ரயிலுக்கு நம் கல்லாறு மாதிரி. மேடிசனே முக்கிய ஆட்டமாக இருக்கும் ஆறு நாள் டிராக் பந்தயங்களில் இருவரும் சேர்ந்து 37 முறை ஜெயித்தார்கள். பிறகு ரீசி, ஃபிராங்கோ மார்வுல்லியுடன் 2003-லும் 2007-லும் உலகப் பட்டம், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. ஆனாலும் அந்த 37-தான் எனக்குப் பெரிது.

சரி, பழகுவோம். முதல் நாள் சைக்கிளே வேண்டாம். ஒருவர் நடக்க, மற்றவர் பின்னாலிருந்து ஓடி வந்து, பக்கத்தில் இருக்கும் கையைப் பிடித்து முன்னே தள்ளட்டும். விரல்களைக் கோத்துக்கொள்ளாதீர்கள், கோத்தால் விழும்போது இருவரும் சேர்ந்துதான் விழுவீர்கள். கொக்கி போல மடித்துப் பிடித்தால் போதும், நினைத்த உடனே விடலாம்.

அப்புறம் சைக்கிளில், ஹெல்மெட் போட்டுக்கொண்டு. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் கை நடுத்தண்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஓரத்தில் பிடித்தால் வீசும் வேகத்தில் பார் திரும்பி, முன் சக்கரம் கூட்டாளியின் சக்கரத்தில் சிக்கும்.

வீச்சில் எல்லோரும் செய்கிற தவறு, கை பட்டதுமே இழுப்பது. இழுக்காதீர்கள். பிடித்ததும் ஒரு கணம் இரண்டு கைகளும் நீளட்டும். பிறகு அந்தக் கையை உங்கள் இடுப்பு வரை கொண்டுவந்து, அங்கிருந்து முன்னே தள்ளுங்கள். தோள் மட்டும் வலித்தால் தவறு. முதுகும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். வாங்குபவர் ஒரு முறை திரும்பிப் பார்த்தால் போதும், பிறகு கண் முன்னே இருக்கட்டும், முழங்கை தொளதொளவென்று இருக்கக் கூடாது. வீசியவருக்குச் சட்டென்று வேகம் குறைந்ததா பாருங்கள். குறையவில்லை என்றால் நீங்கள் எதையும் கொடுக்கவில்லை, சும்மா கை குலுக்கியிருக்கிறீர்கள்.

காலையில் பனி காயும் வரை புல் வழுக்கும். பத்து மணிக்கு மேல் போங்கள். மூடுபனி வந்து எதிர் கோல் போஸ்ட் மறைந்தால் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு டீயும் வர்க்கியும்.

என் அக்கா மகனும் அவன் கூட்டாளியும் மூன்று மாதமாகப் பழகுகிறார்கள். போன ஞாயிறு இருபது வீச்சுக்குப் பதினான்கு சரியாக விழுந்தது. மீதி ஆறு யார் தப்பு என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரை ஒருவர் கைகாட்டினார்கள்.