‘எப்ப வந்திய?’ என்ற கேள்விக்கே சலித்துப்போகிறவர்களுக்கு

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வந்தாலும் சரி, சித்திரையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்தாலும் சரி, வெளியூரிலிருந்து நெல்லைப் பக்கம் வருகிறவர்களுக்கு மூன்று கேள்விகள் தயாராக இருக்கும். ‘எப்ப வந்திய?’ ‘எத்தன நாள் லீவு?’ ‘என்னைக்குப் போறிய?’ கடையில் அண்ணாச்சி கேட்பார், எதிர்வீட்டு ஆச்சி கேட்பார், கோயில் வாசலில் பெரியப்பா கேட்பார். மத்தியானத்துக்குள் அலுத்துவிடும். அலுப்பது இயல்புதான். அந்த அலுப்பில் நாம் செய்கிற சில காரியங்கள்தான் அதைக் கூட்டிவிடுகின்றன.

முக்கியமான தவறு, விவரம் தெரியாமல் கேட்கிறார்கள் என்று நினைப்பது. காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, பையோடு தெருவில் நடந்த உங்களை முதலில் பார்த்ததே அண்ணாச்சிதான். தெரிந்துதான் கேட்கிறார். நியூகினி பக்கத்துத் தீவுகளில் தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1923-லேயே இதை எழுதிவிட்டார்: நலம் விசாரிப்பதும் வெயில் மழை பேசுவதும் சேதி சொல்ல அல்ல, பேசுகிறவர்களுக்குள் ஓர் ஒட்டுதல் உண்டாக. நம் ஊர்த் திண்ணைக்கும் அது அப்படியே பொருந்தும். ‘பாத்தியள்லா, அப்புறம் என்ன கேள்வி?’ என்று மடக்கினால் அந்த நேரத்துக்குக் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். பொழுது சாய்வதற்குள் நாலு வீட்டுக்கு அது போய்விடும்.

சீக்கிரம் முடியட்டும் என்று ‘நேத்து’, ‘நாலு நாள்’ என ஒற்றைச் சொல்லில் பதில் சொல்வது இன்னொன்று. பிடித்துப் பேச எதுவும் கிடைக்காதவர் அடுத்த கேள்விக்குத் தாவுகிறார். அதற்கும் ஒற்றைச் சொல் என்றால், கடைசியில் பேச்சு சம்பளத்தில் வந்து நிற்கும். பதிலோடு ஒரு கேள்வியை நாமே போட்டுவிடுவது நல்லது. ‘நேத்துதான் வந்தேன் அண்ணாச்சி. பிசான நெல் அறுப்பு முடிஞ்சிட்டா? பாபநாசத்துல எத்தன அடி கெடக்கு?’ அவ்வளவுதான். 143 அடி பாபநாசம் அணையில் இன்றைக்கு எவ்வளவு, 118 அடி மணிமுத்தாறு எந்த மட்டத்தில் இருக்கிறது, கார் நெல் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறப்பார்களா, 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எதுவரை ஏறியது என்று பேச்சு வேறு திசையில் போகும். உங்கள் லீவு கணக்கை யாரும் தொடமாட்டார்கள். அவர் சொல்வதிலிருந்தே அடுத்த கேள்வியைக் கேட்டால் இன்னும் நல்லது. அப்படிக் கேட்கிறவர்களை மற்றவர்களுக்கு அதிகம் பிடிக்கிறது என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட ஆய்வும் சொன்னது. ஆனால் கேட்டுவிட்டுப் போனைப் பார்ப்பதாக இருந்தால், கேட்காமலே இருந்துவிடலாம்.

‘கல்யாணம் எப்ப?’, ‘விசேஷம் உண்டா?’ என்பவற்றையும் இதே கணக்கில் சேர்த்துப் பொறுத்துக்கொள்வது பெரிய தவறு. இவை வேறு ரகம். பதில் சொல்லும் கடமை உங்களுக்குக் கிடையாது. இங்கே பலர் காரணம் சொல்லி மாட்டிக்கொள்கிறார்கள். ‘ஜாதகம் பாக்கோம்’ என்றால் உடனே ஒரு ஜோசியர் விலாசம் வரும். ‘டாக்டரப் பாக்கோம்’ என்றால் பாளையங்கோட்டையில் அதைவிட நல்ல டாக்டர் ஒருவர் கிளம்புவார். ‘ஆகும்போது சொல்லுதேன் அத்தை’ என்று சிரித்துக்கொண்டே சொன்னால் போதும். திரும்பக் கேட்டாலும் அதே வரி, ஒரு சொல் கூட்டாமல். பிள்ளைக்காக ஏங்கிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் பந்தியில் வைத்து இதைக் கேட்பதைப் பாசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளே சமாளிக்கட்டும் என்று விடாமல், பக்கத்தில் இருக்கும் மாமியாரோ மதினியோ பேச்சை மாற்றிவிட வேண்டும்.

அப்புறம், இவ்வளவையும் குறை சொல்லிவிட்டு, எதிரே வருகிற சின்னப் பையனிடம் நாமே ‘எத்தனாவது படிக்கே? என்ன ரேங்க்?’ என்று ஆரம்பிப்போம். அவன் நெளிவான். கொடைக் கடையில் என்ன வாங்கினான் என்று கேட்டுப் பாருங்கள், இடத்தைவிட்டு நகரமாட்டான்.