ஸ்கோர் குறைவுன்னா கரண்ட் (ரேடியேஷன்) வேண்டாமா?

போன வாரம், புற்றுநோய் டாக்டர்கள் கூடிப் பேசும் டியூமர் போர்டில் ஒரு பி.ஜி. மாணவர், "ஜீன் டெஸ்ட் ஸ்கோர் 11தான் சார், ரேடியேஷனையும் விட்டுடலாமே" என்றார். மார்பகப் புற்று நோயாளி ஒருவர் விஷயத்தில் நானும் ஒருகாலத்தில் அச்சாக இதையே சொன்னவன். இந்தத் தவறும், இதோடு வரும் வேறு மூன்றும் கீழே.

கீமோவின் விடையை ரேடியேஷனுக்கு எழுதுவது

ஆன்கோடைப் டிஎக்ஸ், கட்டியில் 21 ஜீன்களைப் பார்த்து 0 முதல் 100 வரை ஒரு ஸ்கோர் தருகிறது. 2018இல் வெளியான டெய்லர்எக்ஸ் ஆய்வு அதை வைத்துக் கேட்டது ஒன்றே: நெறிக்கட்டிக்குப் பரவாத, ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோனால் வளரும்) மார்பகப் புற்றில் 11 முதல் 25 ஸ்கோர் இருந்தால் கீமோ தேவையா? பெரும்பாலோருக்கு ஹார்மோன் மாத்திரையே போதும் என்று தெரிந்தது. ரேடியேஷனை நிறுத்தலாமா என்று அங்கே யாரும் கேட்கவே இல்லை.

என் நோயாளிக்கு 48 வயது. கட்டியை மட்டும் எடுத்து மார்பைக் காப்பாற்றியிருந்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்த உற்சாகத்தில், "கீமோ வேண்டாம்மா, கரண்டும் வேண்டியிருக்காது" என்று வாயை விட்டேன். மறுநாள் சீனியர், கரண்ட் வைத்தே ஆகவேண்டும் என்று பிடித்துக்கொண்டார். "நேத்து வேணாம்னீங்க, இன்னிக்கு வேணும்ங்கறீங்க, எதை நம்புறது?" என்று நோயாளியின் கணவர் கேட்டார். பதில் இல்லை. அவர்களைச் சம்மதிக்க வைக்க மூன்று வாரம் போயிற்று. லட்சக்கணக்கில் கட்டிய டெஸ்ட், கடைசியில் என் மேலிருந்த நம்பிக்கையைத்தான் குறைத்தது.

ரேடியேஷனை விட்டுப் பார்த்த ஆய்வுகள் தனி. 2023இல் வெளியான லூமினா ஆய்வில் 55 வயதும் அதற்கு மேலும் ஆன, சிறிய கட்டியுள்ள 500 பேர். செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகுகின்றன என்று காட்டும் கேஐ-67 அளவு 13.25%க்கு மேல் போகக்கூடாது. ஐந்தாண்டில் அதே மார்பில் திரும்பியது 2.3% பேருக்கு. இதில் ஜீன் டெஸ்டே கிடையாது, பத்தாலஜி லேபின் சாயப் பரிசோதனைதான்! ஆன்கோடைப் ஸ்கோர் 18 வரை உள்ளவர்களை எடுத்த ஐடியா ஆய்வில் 200 பேர்தான். ரேடியேஷன் எடுத்த ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்க்கும் டெப்ரா ஆய்வின் முடிவுக்குத்தான் காத்திருக்கிறோம்.

மாத்திரையை மறப்பது

இவை எல்லாமே ஹார்மோன் மாத்திரையோடு சேர்ந்த கணக்கு. மூட்டுவலி தாங்காமல் லெட்ரோசோல் என்ற அந்த மாத்திரையை நிறுத்திவிடுபவருக்குக் கரண்டும் இல்லை, மருந்தும் இல்லை. மாத்திரை பரிந்துரைத்தும்கூட, பிரைம் 2 ஆய்வில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் பத்தாண்டில் மார்பில் திரும்பியது ரேடியேஷன் எடுக்காதவர்களில் 9.5%, எடுத்தவர்களில் 0.9%. முடிவெடுக்குமுன் மாத்திரைச் சீட்டைக் கேளுங்கள்.

ஆர்எஸ்ஐ பார்த்து டோஸை மாற்றுவது

ஆர்எஸ்ஐ என்பது, கட்டி கதிருக்கு எவ்வளவு மசியும் என்று ஜீன்களை வைத்துக் கணிக்கும் எண். அதைப் பார்த்து ஓபியில் டோஸை மாற்றக் கூடாது. ஆய்வில் சேர்த்துச் செய்யுங்கள்.

கட்டி ஜீனையும் பிறவி ஜீனையும் குழப்புவது

புற்றைத் தடுக்கும் ஜீனான டிபி53 கட்டியில் மட்டும் பழுதாவது வேறு, அந்தப் பழுது பிறவியிலிருந்தே ரத்தத்திலும் இருப்பது வேறு. ரத்தத்தில் இருந்தால் கரண்ட் வைக்குமுன் சர்ஜனைக் கூப்பிடுங்கள். அங்கே கதிரே புதுப் புற்றை விதைத்துவிடலாம்.