கொலுசுப் பட்டறைக் கணக்கைப் பூட்டிவைக்க: எஸ்க்யூஎல்ஆல்கெமிக்கு ஒரு மறையாக்க மாட்யூல்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஆளுக்கு எத்தனை கிராம் வெள்ளி போனது, கூலி எவ்வளவு, அவர் வங்கிக் கணக்கு எண் என்ன, எல்லாம் டேட்டாபேஸில் இருக்கும். பேக்கப் எடுத்த பென்டிரைவ் தொலைந்தால் அத்தனையும் வெளியே போய்விடும். பெயர், கணக்கு எண் போன்ற பத்திகளை மட்டுமாவது பூட்டியே எழுத வேண்டும். பைத்தான் நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் எஸ்க்யூஎல்ஆல்கெமி நூலகத்தில் அதற்கு ஒரு மாட்யூல் செய்வோம்.

தரவை மறைக்கும் கணிதமுறையான சைஃபரை நீங்களே எழுதாதீர்கள். பைத்தானின் கிரிப்டோகிராஃபி நூலகத்தில், தரவை மறைப்பதோடு யாராவது மாற்றினால் காட்டியும் கொடுக்கும் ஏஇஎஸ்-ஜிசிஎம் என்ற சைஃபர் இருக்கிறது. அதைச் சுற்றி உறை போடுவதுதான் உங்கள் வேலை. சாவி 32 பைட், தற்போக்குப் பைட்டுகள் தரும் இயங்குதளத்தின் யுரேண்டமிலிருந்து எடுத்தது. கடவுச்சொல்லை அப்படியே சாவியாக்கக் கூடாது. சாவியை அந்தப் பென்டிரைவிலேயே வைத்தால் பூட்டியும் பயனில்லை.

உறையின் அமைப்பு: பதிப்பு எண் 1 பைட், சாவி எண் 1 பைட், ஒரு பூட்டலுக்கு மட்டும் பயன்படும் எண்ணான நான்ஸ் 12 பைட், பிறகு மறைத்த தரவு, கடைசியில் தரவு மாறவில்லை என்று சரிபார்க்கும் டேக் 16 பைட். ஆக 30 பைட் கூடுதல். 11 இலக்கக் கணக்கு எண் 41 பைட் ஆகும். பைட்டுகளைச் சாதாரண எழுத்தாக்கும் பேஸ்64 ஆக்கினால் 56 எழுத்து. பத்தியின் அகலத்தை 50 என்று விட்டு, டேட்டாபேஸும் சத்தமில்லாமல் வால் பகுதியை வெட்டிவிட்டால், அந்தப் பதிவு திரும்பவே வராது. பைனரிப் பத்தியே நல்லது. சாவி எண்ணை முதல் நாளிலிருந்தே வையுங்கள். சாவியை மாற்றும் நாளில் பழைய பதிவுகளைத் திறக்க அந்த ஒரு பைட்தான் வழி.

நான்ஸ் ஒவ்வொரு முறையும் புதிதாக, தற்போக்காக. எண்ணி வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டுவது ஆபத்து. ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட் ஸ்டோரில் கரண்ட் போய் டிஸ்க் கெட்டு, போன வாரப் பேக்கப்பை ஏற்றுகிறார்கள் என்றால், அந்த எண்ணிக்கையும் போன வாரத்துக்கே திரும்பும். ஒரே சாவியில் ஒரே நான்ஸ் இரண்டு தரம் வந்தால், இரண்டு மறைதரவையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு எக்ஸார் செய்தவனுக்கு மூலத் தரவுகளின் எக்ஸார் கிடைத்துவிடும். போலிப் பதிவு செய்யவும் வழி திறக்கும்.

எஸ்க்யூஎல்ஆல்கெமியில் டைப்டெக்கரேட்டரிலிருந்து ஒரு வகுப்பு எடுங்கள். அடிப்படை வகை லார்ஜ்பைனரி, கேஷ்ஓகே ட்ரூ. எழுதும்போது பிராசஸ்-பைண்ட்-பாராம் பூட்டும். படிக்கும்போது பிராசஸ்-ரிசல்ட்-வேல்யூ திறக்கும். மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் None வந்தால் None-ஐயே திருப்புங்கள். டேக் பொருந்தாதபோது வரும் இன்வாலிட்டேக் பிழையை விழுங்கி வெற்றுச்சரம் தரவே கூடாது.

டேபிள் பெயரையும் பத்திப் பெயரையும் உறையின் முதல் 2 பைட்டையும் கூடுதல் தரவாகச் சேர்த்துப் பூட்டுங்கள்; கூடுதல் தரவு மறைக்கப்படாது, ஆனால் டேக் அதையும் சரிபார்க்கும். ஆனால் ஒருவரின் கணக்கு எண்ணை இன்னொருவர் வரிசைக்கு மாற்றி ஒட்டுவதை அது தடுக்காது. இந்த வகுப்புக்கு வரிசை எண் தெரியாது. அதையும் தடுக்க வேண்டுமென்றால் வரிசை எண்ணையும் சேர்த்து மாடலிலேயே பூட்டுங்கள், அந்த எண்ணாகத் தனித்த அடையாளமான யுயுஐடியை நிரலே முன்கூட்டி உருவாக்கட்டும்.

பூட்டிய பத்தியில் தேட முடியாது. தேட வேண்டிய பெயருக்குத் தனிச் சாவியில், கைரேகை போன்ற அடையாளம் தரும் எச்மேக்-எஸ்எச்ஏ256 போட்டு இன்னொரு பத்தியில் வையுங்கள். தமிழ்க்காரர்கள் சறுக்கும் இடம் இதுதான். ‘கொலுசு’ என்ற சொல்லில் ‘ொ’ ஒரே குறியாக வந்தால் யுடிஎஃப்-8இல் 18 பைட். ‘ெ’, ‘ா’ என்று இரண்டு குறியாக வந்தால் 21 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. எச்மேக் வேறு வேறு. அதனால் முதலில் இரண்டையும் ஒரே குறி வடிவுக்குக் கொண்டுவரும் யூனிகோட் முறையான என்எஃப்சி ஆக்கி, ஓர இடைவெளிகளை வெட்டி, பிறகு கணக்கிடுங்கள்.

சோதனைக்கு, ஒரு பதிவைப் பூட்டி உறையின் ஒவ்வொரு பைட்டையும் ஒவ்வொன்றாகக் கெடுத்துத் திறந்து பாருங்கள். எல்லா முறையும் பிழை வர வேண்டும். பதிப்பு எண்ணைக் கெடுத்தும் திறந்துகொண்டால், முதல் 2 பைட்டைக் கூடுதல் தரவில் சேர்க்க மறந்திருக்கிறீர்கள்.