செடி வளக்குற மீன் தொட்டியில பாஸ்பேட் (செடிக்கு வேணுங்கிற ஒரு சத்து) ஏத்துறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

தொட்டிக் கண்ணாடியில பாசி பச்சைப் புள்ளி புள்ளியா கெட்டியா ஒட்டிக்கிட்டு, விரலால தேய்ச்சா போகாம பிளேடு வச்சு சுரண்டுனாதான் வருதா? அனுபியாஸ் மாதிரி தண்ணிச் செடி இலை மேலயும் அதே புள்ளியா? நல்ல லைட்டும் சிஓ2வும் (செடிக்கு விடுற கார்பன் டை ஆக்சைடு வாயு) ஓடுற தொட்டியில இது பெரும்பாலும் பாஸ்பேட் பத்தலங்கிறதுக்கு அடையாளம். ஆனா புள்ளியப் பாத்த உடனே எதையும் ஊத்திடாதீங்க, மீன் நிறைய இருந்து தீனியும் தாராளமா போடுற தொட்டின்னா தீனியிலேர்ந்தே பாஸ்பேட் வந்துடும், ஏத்தவே தேவையிருக்காது.

ஸ்டெப் 1: அளந்து பாருங்க. சிங்கப்பூர்ல சிராங்கூன் நார்த் அவென்யூ 1, புளோக் 151 பக்கம் மீன் கடைங்க இருக்கு, அங்க பாஸ்பேட் டெஸ்ட் கிட், நைட்ரேட் (செடிக்கு வேணுங்கிற இன்னொரு சத்து) டெஸ்ட் கிட் ரெண்டையும் கேளுங்க. டியூப்பை வெள்ளைப் பேப்பர் மேல வச்சு ஜன்னல் வெளிச்சத்துல கலர் பாருங்க, தொட்டி லைட்டுல பாத்தா நீலம் பச்சை குழம்பும். பாஸ்பேட் 0.5லேர்ந்து 2 பிபிஎம் (ஒரு லிட்டர் தண்ணியில எத்தனை மி.கி.ங்கிற கணக்கு) வரைக்கும் இருந்தா போதும். நைட்ரேட் 10-20 பிபிஎம் இருக்கணும், அது பூஜ்யமா இருந்தா பாஸ்பேட் மட்டும் போட்டு செடி வளராது.

ஸ்டெப் 2: ஃபில்டர்ல பாஸ்பேட் ரிமூவர் (பாஸ்பேட்ட உறிஞ்சுற பொருள்) இருந்தா எடுத்துடுங்க. ஒரு பக்கம் ஊத்தி இன்னொரு பக்கம் உறிஞ்ச விடுறதுல அர்த்தமே இல்ல.

ஸ்டெப் 3: கரைசல். ரெடிமேட் பாட்டில் வாங்குனா லேபிள்ல போட்ட அளவுல பாதியில ஆரம்பிங்க. பவுடர்னா மோனோபொட்டாசியம் பாஸ்பேட் மட்டும்தான், பூச்செடிக்குப் போடுற என்பிகே உரம் வேண்டவே வேண்டாம், அதுல யூரியாவோ அமோனியமோ இருக்கலாம், மீன் செத்துடும். 3.6 கிராம் பவுடர 500 மில்லி டிஸ்டில்டு வாட்டர்ல கரைங்க (சமையல் தராசுல இவ்ளோ சின்ன எடை சரியா வராது, 0.01 கிராம் காட்டுற குட்டித் தராசு வேணும்). இப்போ 1 மில்லியில 5 மி.கி. பாஸ்பேட் இருக்கும், அதாவது 50 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி ஊத்துனா 0.5 பிபிஎம் ஏறும். மணல், கல்லு எடுத்துக்கிற இடத்தக் கழிச்சிட்டு தண்ணி எவ்ளோன்னு பாருங்க, 2 அடி தொட்டின்னு கடையில சொல்றதவிட உள்ள தண்ணி கம்மியாதான் இருக்கும். பாட்டில் மேல பெருசா பேரு எழுதி பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க, குடிக்கிற தண்ணி பாட்டில்ல மட்டும் ஊத்தி வைக்காதீங்க.

ஸ்டெப் 4: முதல் நாள் 0.25 பிபிஎம் ஏத்துற அளவு, மேல சொன்ன பவுடர் கரைசல்னா 50 லிட்டருக்கு 2.5 மில்லி. ஃபில்டர் தண்ணி வந்து விழுற இடத்துல மெதுவா ஊத்துங்க. மறுநாள் டெஸ்ட் பண்ணிட்டுதான் அடுத்தது.

இங்கதான் நிறைய பேரு பதறிப் போயிடுறாங்க. மறுநாள் பாத்தா திரும்ப பூஜ்யம் காட்டும், மருந்து வேலை செய்யலன்னு நினைச்சு டபுளா ஊத்துவாங்க. புது அக்வாசாயில் (தொட்டிச் செடிக்குன்னு விக்கிற மண்) பாஸ்பேட்ட நல்லா இழுத்து வச்சுக்கும், பசியில இருக்க செடியும் இழுக்கும், அது நல்லதுதான். அதே அளவையே தினமும் போட்டுக்கிட்டு வாங்க, ஒரு நாள் நம்பர் நிக்க ஆரம்பிக்கும், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவைன்னு குறைச்சுக்கலாம். அயர்ன் உரத்த இதோட ஒரே பாட்டில்ல கலக்காதீங்க, ரெண்டும் சேந்து படிஞ்சு செடிக்கு உதவாம போயிடும், ரெண்டையும் ஒரே நேரத்துல ஊத்தாம தனித்தனியா போடுங்க.

பாஸ்பேட் கூடிப் போச்சுன்னா பாதித் தண்ணி மாத்துங்க, நம்பர் ஏறக்குறைய பாதியாகும். நம்ம பியூபி (சிங்கப்பூர் தண்ணி வாரியம்) குழாய்த் தண்ணியில குளோரமின்னு மீனுக்கு ஆகாத கிருமிநாசினி இருக்கு, ஒரு ராத்திரி வாளியில பிடிச்சு வச்சா போகாது, ஆன்டி குளோரின் கட்டாயம் போடுங்க. பழைய புள்ளி தானா மறையாது, கண்ணாடிய சுரண்டிட்டு புதுசா வருதான்னு பாருங்க.

உப்புத்தண்ணி பவளத் தொட்டிக்காரங்க இந்த அளவ எடுக்காதீங்க, அங்க பொதுவா 0.03லேர்ந்து 0.1 பிபிஎம்தான் இலக்கு, டெஸ்ட் கிட்டும் அதுக்கேத்த மாதிரி சின்ன அளவு காட்டுறதா வாங்கணும்.