பாக் நீரிணைக்குப் பெயர் கொடுத்த குடும்பம்: ஒரு பாரனெட் வம்சாவளியைத் தேடிப் பிடிக்கும் முறை

கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே கிடக்கும் கடலைப் ‘பாக்கு நீரிணை’ என்று எழுதுகிறோம். பாக்கு மரத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1763 முதல் 1767 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ராபர்ட் பாக்கின் குடும்பப் பெயர் அது. ஊர் திரும்பிய பிறகு 1782இல் அவர் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டம் பெற்றார். பட்டம் பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று இறங்கி 1939இல் முடிந்தது. தொடக்கமும் முடிவும் தெரிந்த குடும்பம் என்பதால் தேடல் பழக இது நல்ல மாதிரி. சென்னைக் கோட்டை வரலாற்றில் வரும் வேறு எந்தப் பாரனெட் குடும்பத்தைத் தேடினாலும் வழி இதேதான்.

முதல் வேலை: எந்தப் பட்டம் என்று பிரித்தறிவது

பெயருக்கு முன்னால் ‘சர்’ இருந்தால் அவர் நைட்டாக இருக்கலாம், பாரனெட்டாகவும் இருக்கலாம். சி. வி. ராமனுக்கு 1929இல் கிடைத்தது நைட் பட்டம். அது அவரோடு முடிந்துவிடும், பிள்ளைக்கு வராது. பாரனெட் பட்டம் பரம்பரையாக இறங்கும். எழுத்தில் வேறுபாடு காட்டுவது பெயருக்குப் பின்னால் வரும் சுருக்கம்தான்: இப்போது ‘பிடி’, பழைய நூல்களில் ‘பார்ட்’. பின்னொட்டு எதுவும் இல்லையென்றால் நைட் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள், பின்னால் திருத்திக்கொள்ளலாம்.

பாரனெட் வேறு, பாரன் வேறு. பாரன் பிரபு வரிசையைச் சேர்ந்தவர்; பரம்பரைப் பாரன்களுக்கு 1999 வரை பிரபுக்கள் சபையில் பட்டத்தின் பேரிலேயே இடம் இருந்தது. பாரனெட்டுக்குப் பட்டத்தின் பேரில் அங்கே என்றுமே இடம் கிடையாது. ராபர்ட் பாக் பாரனெட் ஆன பிறகும் ஆஷ்பர்ட்டன் தொகுதியின் காமன்ஸ் சபை உறுப்பினராகத் தொடர்ந்தது அதனால்தான் சாத்தியமாயிற்று. இது தேடலுக்கும் உதவும்: காமன்ஸ் உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை விரிவாகத் தொகுத்திருக்கும் ‘நாடாளுமன்ற வரலாறு’ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 18ஆம் நூற்றாண்டுப் பாரனெட் குடும்பங்களுக்கு அதைவிட நம்பகமான சுருக்கம் கிடைப்பது அரிது.

பட்டத்தின் பிறப்பு சுவையானது. முதலாம் ஜேம்ஸ் 1611இல் இதை ஏற்படுத்தியதே பணத்துக்காக. அயர்லாந்தின் அல்ஸ்டரில் 30 படைவீரர்களை மூன்று ஆண்டு வைத்துக் காப்பாற்றும் செலவைப் பட்டம் பெறுபவர் கட்ட வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 8 பென்னி. 30 பேருக்கு 240 பென்னி, அதாவது சரியாக ஒரு பவுன். 365ஐ மூன்றால் பெருக்கினால் 1,095 பவுன். விலைப்பட்டியல் போட்டு விற்ற மரியாதை என்று சொன்னால் தப்பில்லை. பாரனெட் கேடயத்தில் அல்ஸ்டரின் சிவப்புக் கை இருப்பதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

ஐந்து வகையில் உங்களுடையது எது?

இங்கிலாந்து வகை 1611இல் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அயர்லாந்து வகை வந்தது. ஸ்காட்லாந்தின் நோவா ஸ்கோஷியா வகை 1625இல் தொடங்கியது. 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்த பிறகு கொடுத்தவை கிரேட் பிரிட்டன் வகை. 1801இல் அயர்லாந்தும் சேர்ந்த பிறகு கொடுத்தவை யுனைடெட் கிங்டம் வகை. பாக் பட்டம் 1782ஐச் சேர்ந்தது. எனவே கிரேட் பிரிட்டன் வகை.

எந்த நூலைத் திறப்பது என்பதை இந்தப் பிரிவே தீர்மானிக்கிறது. கோக்கெய்ன் தொகுத்த ‘முழுமையான பாரனெட் தொகுதி’ ஐந்து பாகம். 1611 முதல் 1800 வரை உண்டாக்கிய பட்டங்களோடு அது நின்றுவிடும். பாக் குடும்பம் ஐந்தாம் பாகத்தில் வரும். சென்னைத் தீவுத்திடலில் குதிரைமேல் சிலையாக இருக்கும் தாமஸ் மன்றோவும் பாரனெட்தான். ஆனால் அவருடைய பட்டம் 1825இல் வந்தது. அவரைக் கோக்கெய்னில் தேடிக் காணவில்லை என்று குழம்ப வேண்டாம். 1801க்குப் பிந்தியவர்களுக்கு, பட்டம் பெற்ற குடும்பங்களைப் பட்டியலிடும் பர்க், டெப்ரெட் ஆகிய இரண்டு வரிசை நூல்களிலும் குடும்பம் பட்டத்தோடு இருந்த காலத்துப் பதிப்பைப் பார்க்க வேண்டும். பட்டம் அற்றுப்போன குடும்பத்தைப் பிந்திய பதிப்புகளிலிருந்து எடுத்துவிடுவார்கள். 1930களின் பதிப்பில் இருக்கும் பாக் குடும்பத்தை 1950களின் பதிப்பில் தேடினால் வெறுங்கைதான்.

பட்டய வாசகம்: எல்லாம் இதில்தான்

பட்டம் யாருக்குப் போகும் என்பதை வழக்கமோ குடும்ப விருப்பமோ தீர்மானிப்பதில்லை. அரசர் கொடுத்த பட்டயத்தில் எழுதிய ஒரு வரி தீர்மானிக்கிறது. பெரும்பாலான பட்டயங்களில் அந்த வரி ‘முதல் பாரனெட்டின் உடலிலிருந்து முறையான திருமணத்தில் பிறந்த ஆண்வழி ஆண் வாரிசுகளுக்கு’ என்ற பொருளில் இருக்கும். இதை ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படியுங்கள். ‘உடலிலிருந்து’ என்றால் முதல் பாரனெட்டின் தம்பிக்கும் தம்பி மகனுக்கும் போகாது, தத்துப்பிள்ளைக்கும் போகாது. ‘ஆண்வழி’ என்றால் மகள் வயிற்றுப் பேரனுக்குப் போகாது. ‘முறையான திருமணத்தில்’ என்றால், இங்கிலாந்துச் சட்டத்தின்படி, பிள்ளை பிறந்த பிறகு பெற்றோர் மணந்துகொண்டாலும் பட்டத்துக்கு அந்தப் பிள்ளை வாரிசு ஆகாது. ஸ்காட்லாந்துப் பட்டங்களுக்கு இந்த விஷயத்தில் வேறு சட்டம். நோவா ஸ்கோஷியா பட்டயங்கள் சிலவற்றில் ‘உடலிலிருந்து’ என்ற சொல்லே இருக்காது. அங்கே பங்காளிகளும் வரலாம்.

பாக் குடும்பத்தில் விதி எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். முதல் பாரனெட் ராபர்ட் 1798இல் இறந்தார். மகன் லாரன்ஸ் இரண்டாமவர்; 1813இல் இறந்தார். அவருடைய மகன் லாரன்ஸ் வாகன் மூன்றாமவர். 1860 வரை இருந்தார். அவருடைய மகன் லாரன்ஸ் நான்காம் பாரனெட். 1880இல் ஹால்டன் பாரனாகவும் ஆனார். அங்கிருந்து பட்டம் மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று நேராக இறங்கியது. கொள்ளுப்பேரனான நான்காம் பாரன் 1938இல் தன் வழியில் வாரிசில்லாமல் இறந்தார். இப்போது விதி மேலே ஏறுகிறது. முதலில் அவருடைய தகப்பனாரின் மற்ற மகன்கள், அவர்கள் இல்லையென்றால் தாத்தாவின் மற்ற மகன்கள், அதுவும் இல்லையென்றால் கொள்ளுத்தாத்தாவின் மற்ற மகன்கள். பட்டம் போய்ச் சேர்ந்தது தாத்தாவின் தம்பிக்கு, அதாவது சின்னத் தாத்தாவுக்கு. 1854இல் பிறந்த அவர் எண்பதைத் தாண்டிய வயதில் பட்டம் ஏற்றார். 1939இல் அவரோடு கதை முடிந்தது.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பாரன் பட்டத்தின் வேர் 1880இல் இருந்தவர். பாரனெட் பட்டத்தின் வேர் 1782இல் இருந்தவர். பாரன் வழி அற்றுப்போனதும் பாரனெட் பட்டமும் அற்றுவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. இரண்டாம், மூன்றாம் பாரனெட்டுகளின் இளைய மகன்கள் வழியில் யாராவது மிஞ்சியிருந்தால் பாரனெட் பட்டம் அவருக்குப் போயிருக்கும். ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாக மூடிக்காட்டிய பிறகே ‘அற்றது’ என்ற சொல்லைப் பயன்படுத்துங்கள். பாக் குடும்பத்தில் இரண்டு பட்டங்களும் ஒன்றாகவே முடிந்தன. எல்லாக் குடும்பத்திலும் அப்படி நடப்பதில்லை.

ஒரே பெயர் என்னும் பொறி

மேலே வந்த வரிசையில் எத்தனை லாரன்ஸ் என்று எண்ணிப் பாருங்கள். காரணம் சென்னையில் இருக்கிறது. கம்பெனிப் படைத்தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் ராபர்ட் பாக்கின் நெருங்கிய நண்பர். மகனுக்கு அவர் பெயரை வைத்தார் பாக். லாரன்ஸ் 1775இல் இறந்தபோது சொத்தும் பாக் குடும்பத்துக்கே வந்தது. அந்த நன்றியில் பெயர் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கொண்டது. எனவே ‘சர் லாரன்ஸ் பாக் துறைமுகம் கட்டினார்’ என்று எங்காவது படித்தால், ஆண்டைப் பார்க்காமல் ஆளை முடிவு செய்யாதீர்கள். டார்க்வே ஊரின் துறைமுக வேலையில் வெவ்வேறு காலத்து லாரன்ஸ்கள் கை வைத்திருக்கிறார்கள்.

இதற்கு எளிய மருந்து: ஒவ்வொரு ஆளுக்கும் பெயரை மட்டும் எழுதாமல் வரிசை எண், பிறப்பு ஆண்டு, இறப்பு ஆண்டு மூன்றையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள். பம்பாயின் ஜீஜீபாய் பாரனெட் குடும்பத்தில் பட்டத்தோடு ஜம்செட்ஜி ஜீஜீபாய் என்ற பெயரையும் வாரிசு ஏற்க வேண்டும் என்று சட்டமே போட்டிருந்தார்கள். அங்கே வரிசை எண் இல்லாமல் ஓரடி நகர முடியாது.

ஆங்கிலத்தில் பாக் என்ற பெயரின் நடுவே ‘எல்’ எழுத்து உண்டு. அதை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தால் எந்தத் தேடுபெட்டியிலும் இந்தக் குடும்பம் சிக்காது.

நூலை நம்பாதே, பதிவேட்டைப் பார்

பர்க், டெப்ரெட் நூல்களில் இருப்பவை பெரும்பாலும் குடும்பங்களே நிரப்பி அனுப்பிய தகவல்கள். முதல் பாரனெட்டுக்கு முந்திய முன்னோர் பட்டியலில் கற்பனை கலந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்நூல்களை வழிகாட்டிப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவற்றின் சுருக்கங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். ‘டி.எஸ்.பி.’ என்றால் பிள்ளையில்லாமல் இறந்தார். ‘டி.வி.பி.’ என்றால் தகப்பன் உயிரோடிருக்கும்போதே இறந்தார். இவர் பாரனெட் ஆகியிருக்க மாட்டார், ஆனால் இவருடைய மகன் தாத்தாவிடமிருந்து நேராகப் பட்டம் பெற்றிருக்கலாம். ‘எஸ்.பி.எம்.’ என்றால் ஆண்பிள்ளை இல்லை. முதல் சுருக்கத்தைச் சந்தேகத்தோடு படியுங்கள். தொகுத்தவருக்குப் பிள்ளைகளைப் பற்றி எதுவும் தெரியாத இடத்திலும் அதையே போட்டுவிடுவார்கள். இன்னொன்று: பர்க் நூலில் மகன்களை முதலில் எண்ணிட்டு, மகள்களுக்குப் பிறகு புதிதாக எண்ணிடுவார்கள். அந்த எண்களிலிருந்து மகன்களும் மகள்களும் கலந்து பிறந்த வரிசை தெரியாது.

பிறகு மூல ஆவணங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது, ஸ்காட்லாந்தில் 1855இல். அதற்கு முன் தேவாலயப் பதிவேடுகள்தான். அவற்றில் இருப்பது ஞானஸ்நான நாள், பிறந்த நாள் அல்ல. பாக் போன்ற, இங்கிலாந்தின் டெவன் மாவட்டக் குடும்பத்துக்கு எக்ஸிட்டரில் உள்ள ஆவணக் காப்பகம் முதல் இடம். உயில்களுக்கு ஒரு எல்லைக் கோடு உண்டு: 1858 ஜனவரி 12. அதற்கு முன் சொத்துள்ளவர்களின் உயில்கள் பெரும்பாலும் கேன்டர்பரி தலைமைப் பேராய நீதிமன்றத்துக்குப் போயின. இப்போது கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘ப்ராப் 11’ வரிசையில் இருக்கின்றன. மகன்களின் மூப்பு வரிசை, செத்தவர் யார், ஒதுக்கிவைத்தவர் யார் என்பதற்கு உயிலைப் போல் உண்மை பேசும் ஆவணம் இல்லை.

1752க்கு முந்திய தேதிகளில் கவனம் தேவை. அப்போது இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறக்கும். பதிவேட்டில் 1717 பிப்ரவரி என்று இருந்தால் நம் கணக்கில் அது 1718. இதைத் திருத்தாமல் விட்டால், கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகக் கணக்கு வந்து ஒரு பாவமும் அறியாத குடும்பத்தின்மேல் பழி விழும். ஜனவரி முதல் மார்ச் 24 வரையுள்ள தேதிகளை 1717/18 என்று இரட்டையாக எழுதுவது பாதுகாப்பு.

இந்தியாவில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றுக்கு பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களைப் பாருங்கள். சென்னை மாகாணத்துக்கான வரிசை ‘என்/2’. சென்னையிலேயே தேடுவதென்றால், 1680இல் திறந்த கோட்டை செயின்ட் மேரீஸ் தேவாலயப் பதிவேடுகளும், கம்பெனி நடவடிக்கைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. பாக் குடும்பக் கடிதங்களை 1922இல் அறிக்கையாக அச்சிட்டார்கள். 18ஆம் நூற்றாண்டுச் சென்னையை அறிய விரும்புகிறவர்கள் வம்சாவளிக்காக இல்லாவிட்டாலும் அதைப் புரட்ட வேண்டும்.

கல்லில் எழுதியதும் ஆவணமே. எக்ஸிட்டருக்கு அருகே ஹால்டன் குன்றின்மேல் 1788இல் பாக் கட்டிய முக்கோணக் கோபுரம் இன்றும் நிற்கிறது. உள்ளே ஸ்டிரிங்கர் லாரன்ஸ் ரோமானிய உடையில் சிலையாக நிற்கிறார். நினைவுக்கல்லில் கேடயம் செதுக்கியிருந்தால் அதில் சிறிய கட்டத்துக்குள் விரித்த இடது கை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பாரனெட். நோவா ஸ்கோஷியா வகைக்கு மட்டும் கை இருக்காது. பதிலாகக் குறுக்குச் சிலுவையும் ஸ்காட்லாந்து அரசக் கேடயமும் இருக்கும். தலைக்கவசத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். நைட்டுக்கும் பாரனெட்டுக்கும் அது ஒன்றே.

பட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

1910 அரச ஆணைப்படி பாரனெட்டுகளுக்கு அதிகாரபூர்வப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் பெயர் ஏறாதவரை எந்த அரசு ஆவணமும் ஒருவரைப் பாரனெட் என்று குறிப்பிடாது. வாரிசு தானாக ஏறுவதில்லை, நிரூபிக்க வேண்டும். தன் பிறப்புச் சான்று, பெற்றோரின் திருமணச் சான்று, முந்தையவரின் இறப்புச் சான்று, தனக்கு மூத்த கிளைகள் அற்றுப்போனதற்கான சான்றுகள், குடும்பத்தை அறிந்தவரின் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவை வேண்டும். எனவே பட்டியலில் பெயர் காலியாக இருப்பதும் பட்டம் அற்றுப்போவதும் வேறு வேறு. வாரிசுக்கு அக்கறை இல்லாமலும் இருக்கலாம், சான்று கிடைக்காமலும் இருக்கலாம்.

பட்டியலில் ஏறியிருப்பதும் முடிந்த முடிவு அல்ல. ஸ்காட்லாந்தின் ஸ்டிச்சில் பிரிங்கிள் குடும்பத்துப் பாரனெட் பட்டத்தில் மரபணுச் சோதனை தலைமுறைகளுக்கு முந்திய ஒரு தகப்பன்–மகன் கண்ணியை உடைத்தது. 2016இல் பிரிவி கவுன்சில் நீதிக்குழு அந்தச் சான்றை ஏற்று, பட்டம் வேறு கிளைக்கு உரியது என்றது.

கடைசியாக, குடும்பத்தாருக்கோ காப்பகத்துக்கோ கடிதம் எழுதும்போது ‘சர் பாக்’ என்று எழுதாதீர்கள். ‘சர்’ முதற்பெயரோடு மட்டுமே ஒட்டும்: சர் ராபர்ட். மனைவிக்கு நேர்மாறாக, குடும்பப் பெயர் மட்டும்: லேடி பாக். முதற்பெயரோடு லேடி ஆன் என்று எழுதினால் அவர் ஏதோ ஒரு ஏர்ல் போன்ற உயர் பிரபு வீட்டு மகள் என்று பொருளாகிவிடும். மூத்த மகனுக்குத் தகப்பன் இருக்கும்வரை வெறும் ‘மிஸ்டர்’தான்.