வெறும் "அயர்லாந்து"ன்னு மட்டும் எழுதி வச்சிருந்தா கொள்ளுத்தாத்தாவ எப்படித் தேடுறது?

பெரம்பூர்ல எனக்கு ஒரு ஆங்கிலோ இந்தியன் ஃப்ரெண்ட் இருக்கான். அவங்க பாட்டி பைபிள்ல, முதல் பக்கத்துல, வீட்ல யார் எப்ப பொறந்தாங்க, எப்ப போய்ச் சேர்ந்தாங்கன்னு வரிசையா எழுதி வச்சிருந்தாங்க. எல்லாருக்கும் மேல இருக்கற ஆளுக்கு மட்டும் ஊரே இல்ல, "சோல்ஜர், அயர்லாந்து" அவ்ளோதான். நம்ம ஆளு நேரா ஐரிஷ் வெப்சைட்டுக்குப் போயி பேரைத் தட்டி, வந்த கும்பல்ல பிடிச்ச ஒருத்தரை எடுத்து வம்சாவளியே போட்டு ஃப்ரேம் பண்ணிட்டான். அப்புறம் பாத்தா, இங்க மெட்ராஸ்ல இவங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ரெண்டாவது கொழந்த பொறந்த அதே வருஷம் அந்த ஆளு அங்க அயர்லாந்துல கல்யாணம் பண்ணிட்டு இருக்காரு! ஃப்ரேம் இப்போ பரண் மேல.

அதனால முதல் படி, அயர்லாந்து பக்கம் தலையே வைக்காதீங்க. அங்க மர்ஃபியும் கெல்லியும் நம்ம ஊர் முருகன், செல்வம் மாதிரி, பேரை மட்டும் வச்சு யாரையும் பிடிக்க முடியாது. ஆளு எந்த கௌன்ட்டி (நம்ம ஜில்லா மாதிரி), எந்த பாரிஷ்னு (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட வட்டாரம்) தெரியணும், அது பெரும்பாலும் அவர் வந்து சேர்ந்த ஊர்லதான் கெடைக்கும்.

மெட்ராஸ் பிரசிடென்சியில நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் இதுக்கெல்லாம் அந்தக் காலத்துல ஒரு காப்பி லண்டனுக்குப் போயிட்டிருந்துச்சு. இப்போ அது பிரிட்டிஷ் லைப்ரரியில இருக்கு, மெட்ராஸ் வரிசைக்கு என்/2ன்னு நம்பர். ஃபிபிஸ்னு ஒரு சொசைட்டி இருக்கு, பிரிட்டிஷ் இந்தியாவுல இருந்த குடும்பங்களுக்குன்னே நடத்துறது, அவங்க இன்டெக்ஸ்ல ஃப்ரீயா தேடலாம். கத்தோலிக்கக் குடும்பம்னா லண்டன் காப்பியில இல்லாமயும் போகலாம், அப்போ அந்தந்த சர்ச்லயே போய்க் கேட்டுடுங்க. கொழந்தையோட ஞானஸ்நானப் பதிவுல அப்பாவோட வேலை எழுதியிருக்கும். ரெஜிமென்ட் பேரும், அதாவது எந்தப் படைப்பிரிவுன்னும், இருந்துட்டா பாதிக்கிணறு தாண்டியாச்சு. ஞானப்பெற்றோர் (காட்பேரன்ட்ஸ்) பேரையும் குறிச்சு வச்சுக்கோங்க, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

ரெண்டாவது, ரெஜிமென்ட் யாரோடதுன்னு பாருங்க, பிரிட்டிஷ் ராணியோட ஆர்மியா கிழக்கிந்தியக் கம்பெனி ஆர்மியா. இது முக்கியம், ரெக்கார்டு இருக்கற இடமே வேற. கம்பெனி ஆளுன்னா கப்பல் ஏறுனப்ப எழுதுன லிஸ்ட்டும் மஸ்டர் ரோலும் (படையில இருந்தவங்க பேர்ப்பட்டியல்) பிரிட்டிஷ் லைப்ரரியில. மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ்னு ஒண்ணு இருந்துச்சுல்ல, கம்பெனி காலத்து ரெஜிமென்ட், 1881ல அதுதான் ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ்ல முதல் பட்டாலியன் ஆச்சு. ராணி ஆர்மின்னா லண்டன்ல க்யூங்கற ஏரியாவுல இருக்கற நேஷனல் ஆர்கைவ்ஸ்ல டபிள்யூஓ 97ன்னு ஒரு வரிசை. 1883க்கு முந்தி அதுல பென்ஷனோட வெளிய வந்தவங்க பேப்பர்தான் இருக்கும், சர்வீஸ்லயே செத்துப்போனவங்களைத் தேடி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க. அந்தப் பேப்பர்ல பொறந்த பாரிஷ், பக்கத்து டவுன், கௌன்ட்டி மூணும் இருக்கும், நமக்கு வேணுங்கறதே அதுதான். ஆனா ஆர்மியில சேர்ந்த ஊரைப் பொறந்த ஊர்னு நெனச்சுடாதீங்க, லிவர்பூல்ல சேர்ந்தவன் லிவர்பூல்காரன்னு அர்த்தமில்ல.

இப்போ அயர்லாந்து போகலாம். போறதுக்கு முன்னாடி மனச தேத்திக்கோங்க. 1922 ஜூன்ல உள்நாட்டுச் சண்டையில டப்ளின்ல ஃபோர் கோர்ட்ஸ்ங்கற கோர்ட் வளாகத்துல இருந்த ரெக்கார்டு ஆபீஸ் எரிஞ்சு போச்சு, 1821லேர்ந்து 1851 வரைக்கும் எடுத்த சென்சஸ்ல துண்டு துணுக்கு தவிர மிச்சமில்ல. 1861லேர்ந்து 1891 வரைக்கும் உள்ளதை அதுக்கு முன்னாடியே அரசாங்கமே அழிச்சிருச்சு. முழுசா இருக்கறதுல பழசு 1901ம் 1911ம்தான், ஆன்லைன்ல ஃப்ரீ. அதுலயும் ஒரு கூத்து, பத்து வருஷத்துல சில பேருக்கு பதினஞ்சு வயசு ஏறியிருக்கும். காரணம், 1909ல எழுபது வயசானா பென்ஷன்னு கொண்டு வந்தாங்க, 1864க்கு முன்னாடி அரசாங்கப் பிறப்புப் பதிவே கெடையாது, வயசுக்கு ஆதாரத்துக்கு எங்க போறது? 1841, 1851 சென்சஸ்லதான் தேடச் சொல்லி மனு போட்டாங்க, அந்த மனு ஃபாரம் இன்னும் இருக்கு. எரிஞ்சுபோன சென்சஸ்ல இருந்த சில குடும்பங்கள் அந்த ஃபாரம் வழியாத்தான் நமக்குத் தெரியுது!

சர்ச் ரிஜிஸ்டர்தான் உங்க மெயின் வழி. கத்தோலிக்க பாரிஷ் ரிஜிஸ்டரோட படங்களை அயர்லாந்து நேஷனல் லைப்ரரி 2015ல நெட்ல ஃப்ரீயா போட்டுச்சு, சுமார் 1880 வரைக்கும் பாக்கலாம். நெறைய லத்தீன்ல இருக்கும், ஜேம்ஸ்னா யாக்கோபுஸ், வில்லியம்னா குலியெல்முஸ். பிரிட்ஜெட்டே டீலியா, பிடின்னும் வருவா. டார்பியும் ஜெரமையாவும் ஒரே ஆளா இருக்கலாம். குடும்பப்பேருக்கு முன்னாடி வர்ற "ஓ", "மெக்" ரெண்டும் இஷ்டத்துக்கு வரும் போகும், அதனால ரெண்டு விதமாவும் தேடுங்க. கத்தோலிக்க பாரிஷ் வேற, அரசாங்கக் கணக்குல இருக்கற சிவில் பாரிஷ் வேற, எல்லை ஒண்ணா இருக்காது, நான் முழுசா ஒரு வாரம் தப்பான ரிஜிஸ்டரைப் புரட்டுனதுக்கு இதுதான் காரணம்.

ரிஜிஸ்டரே அவர் பொறந்ததுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குதா? ஆளை விடுங்க, கூடப்பொறந்தவங்களப் பிடிங்க. 1847லேர்ந்து 1864 வரைக்கும் எடுத்த க்ரிஃபித் வேல்யுவேஷன்ல (வரி போடறதுக்காக எடுத்த சொத்து மதிப்புக் கணக்கு), நிலமோ வீடோ வச்சிருந்தவங்க பேர் டவுன்லாண்ட் வாரியா இருக்கு. டவுன்லாண்ட்னா டவுன் இல்ல, நம்ம குக்கிராமத்தை விடச் சின்னதாக்கூட இருக்கும், அறுபதாயிரத்துக்கு மேல இருக்கு. ஞானப்பெற்றோர் பேர் இங்கதான் கை குடுக்கும், மெட்ராஸ்ல கொழந்தைக்கு ஞானத்தந்தையா நின்னவர் ஒரே ஊர்லேர்ந்து வந்த கூட்டாளியா இருக்கலாம், ரெண்டு குடும்பப்பேரும் ஒரே டவுன்லாண்ட்ல வந்தா நிமிர்ந்து உக்காருங்க. பேர் வைக்கற வழக்கத்தையும் பாருங்க, மூத்த பையனுக்கு அப்பாவழி தாத்தா பேரு, ரெண்டாவது பையனுக்கு அம்மாவழி தாத்தா பேரு. நம்மள மாதிரிதான், எல்லாரும் கடைப்பிடிச்சாங்கன்னு சொல்ல முடியாது, அதனால துப்பா எடுத்துக்கோங்க, ஆதாரமா எடுத்துக்காதீங்க.

ஃப்ரெண்டோட கதை ராஸ்காமன் கௌன்ட்டி வரைக்கும் வந்தாச்சு. மெட்ராஸ் கல்யாணப் பதிவுல மாப்பிள்ளையோட அப்பா பேர் இருந்துச்சு, க்ரிஃபித்ல அந்தப் பேர்ல அந்த பாரிஷ்ல ரெண்டு பேரு, பக்கத்து பக்கத்து டவுன்லாண்ட். யாருன்னு இன்னும் முடிவாகல, ஃப்ரேம் பரண்லதான் இருக்கு.