விண்டோஸை மறுபடி போட்டபின் பூட்டிய ஃபைல்கள் திறக்கவில்லையா?

டி டிரைவில் ஃபைல்களின் பெயரெல்லாம் தெரிந்தது. எதைத் திறந்தாலும் அனுமதி இல்லை என்றது. சி டிரைவில் விண்டோஸை மறுபடி போட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. அட்மினாக நுழைந்து ஃபைல்களின் உரிமையை என் பெயருக்கு மாற்றிப் பார்த்தேன். அரை நாள் போனதுதான் மிச்சம். நீங்களாவது அந்த வேலையில் இறங்காதீர்கள்.

முதலில் எந்தப் பூட்டு என்று பாருங்கள். டிரைவே திறக்காமல் 48 இலக்க எண்ணைக் கேட்டால் அது பிட்லாக்கர், டிரைவ் முழுவதையும் பூட்டும் விண்டோஸ் வசதி. அந்த எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். டிரைவ் திறந்து, ஃபைல்கள் மட்டும் மறுத்தால், அவற்றில் பூட்டுப் படமும் இருந்தால், அது ஈஎஃப்எஸ், ஃபைல்களைத் தனித்தனியாகப் பூட்டும் விண்டோஸ் வசதி. என்னுடையது இரண்டாவது ரகம்.

இதில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சாவி. அந்தச் சாவியைத் திறக்க இன்னொரு ரகசியச் சாவி. அது சி டிரைவில், உங்கள் பயனர் ஃபோல்டருக்குள் இருக்கிறது. அதைக் காப்பது உங்கள் பாஸ்வேர்ட். ஃபைல் டி டிரைவில் பத்திரமாக இருக்க, சாவியைத்தான் நான் தூக்கிப் போட்டிருந்தேன். அதே பெயரில், அதே பாஸ்வேர்டில் புதுக் கணக்கு தொடங்கினாலும் பயனில்லை. விண்டோஸுக்குக் கணக்கு என்பது நீங்கள் வைத்த பெயரல்ல, எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரு நீள எண். அது மாறிவிட்டது.

அடுத்து, பழைய பென்டிரைவ், மெயில் எல்லாவற்றிலும் பிஎஃப்எக்ஸ் என்று முடியும் ஃபைலைத் தேடுங்கள். ரகசியச் சாவியை முன்பே வெளியே எடுத்து வைத்திருந்தால் அது இந்த ஃபைலில்தான் இருக்கும். கிடைத்தால் இரட்டை க்ளிக், அதை எடுத்து வைத்தபோது கொடுத்த பாஸ்வேர்ட், அவ்வளவுதான். எனக்கு ஒரு பென்டிரைவில் சிஇஆர் ஃபைல்தான் கிடைத்தது. துள்ளிக் குதித்தேன், ஐந்து நிமிடம். அதில் பூட்டும் பாதிதான் உண்டு, திறக்கும் பாதி இல்லை.

அப்புறம்தான் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டர் கண்ணில் பட்டது. ஃபார்மட் செய்யாமல் போட்டிருந்ததால் பழைய விண்டோஸ் அதற்குள் அப்படியே கிடந்தது. இது சில நாட்களில் தானாகவே அழிந்துவிடக்கூடும். உடனே வேறு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். அதில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், மைக்ரோசாஃப்ட் என்று போனால் கிரிப்டோ, புரொடெக்ட், சிஸ்டம்சர்ட்டிஃபிகேட்ஸ் என மூன்று ஃபோல்டர்கள். மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் அமைப்பை இயக்கினால்தான் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். இவற்றை வெறுமனே புதுக் கணக்கில் ஒட்டினால் வேலை செய்யாது. எல்காம்சாஃப்டின் அட்வான்ஸ்ட் ஈஎஃப்எஸ் டேட்டா ரிகவரி போன்ற மென்பொருள் இந்தச் சாவிகளைத் தேடியெடுத்துத் திறக்கும். பழைய பாஸ்வேர்ட் கட்டாயம் வேண்டும். எனக்கு நினைவிருந்தது, தப்பித்தேன்.

சி டிரைவை ஃபார்மட் செய்துவிட்டீர்களா? கணினியை அணைத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, முழுதாக ஒரு இமேஜ், அதாவது டிஸ்க்கின் அச்சு அசலான நகல், எடுத்து, அந்த இமேஜில் மேற்சொன்ன மூன்று ஃபோல்டர்களையும் தேட வேண்டும். எஸ்எஸ்டி என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. சாவி இல்லாமல் உடைத்துத் தருகிறேன் என்பவரை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

ஃபைல்கள் திறந்தபின், அவற்றை வேறிடத்துக்கு நகலெடுத்துத் திறந்து சரிபாருங்கள். மீண்டும் பூட்டுவதாக இருந்தால் சாவியோடு சேர்ந்த ஈஎஃப்எஸ் சான்றிதழை அன்றே வெளியே எடுத்து வையுங்கள். ரகசியச் சாவியையும் சேர்க்கவா என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள். நான் அன்று இல்லை என்றதால்தான் சிஇஆர் கிடைத்தது.